படை கலைந்த பின்: மலையகத்து மலாய வீரரும் யப்பானியச் சாமுராய்களும்

மலையகத் தோட்டங்களிலே விடியுமுன் தப்பொலி கேட்டு எழுந்து தொழிலாளர் வந்து கூடும் வெளியினைப் பிரட்டுக்களம் என்பர். ‘பிரட்டு’ என்பது ஆங்கிலப் ‘பரேட்’ என்பதன் திரிபாகும். வரிசையில் நிற்றல், பெயர் கூப்பிடப்படுதல், வராதவர் குறிக்கப்படுதல், வந்தோர் இன்ன மலைக்கு இன்ன வேலைக்கென ஏவப்படுதல் ஆகிய யாவும் படைமுகாமொன்றின் காலை நடைமுறைகளே. வேலை முடிந்து அவர் திரும்பும் இருப்பிடமோ லயம். படையினர் குடியிருப்பைக் குறித்த ‘லைன்’ என்பதன் வழி இச்சொல் வந்ததென்பாரும், குதிரை கட்டும் லாயத்தின் வழி வந்ததென்பாரும் உளர். எதனைக் கொள்ளினும் நாம் சென்று சேருமிடம் ஒன்றேயாம்: பாளையத்திலே மனிதன் உறைந்த இடம், அல்லது குதிரை உறைந்த இடம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகளை நிரையாக ஒட்டிக் கட்டிய அவ்வமைப்பைக் கண்டோர்க்கு இவ்விரு கருத்துகளிடையே பெரிய வேறுபாடு தோன்றாது.

மலையக நாட்டார் பாடல்களையும் சிறுகதைகளையும் ஆராய்வோர் இத்தகைய சொற்களை அடிக்குறிப்பில் விளக்கிவிட்டு அப்பாற் செல்வதே வழக்கம். நாமும் அவ்வாறு செய்ததுண்டு. ஆயின் உற்பத்திக் களமொன்றினுள் படைச்சொற்கள் நுழைந்தமை தற்செயலன்று. அவற்றைக் கொண்டுவந்தோர் யார், போர் ஓய்ந்தபின் அவர்கள் என்னவாயினர் என வினவுமிடத்து, இலங்கை வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு மக்கட் பிரிவினரிடம் நாம் வந்து சேருகிறோம்.

அவர்களைப் பற்றிக் கூறுமுன், வாசகர் பலரும் அறிந்திருக்கக்கூடிய வேறோர் உருவத்தை நினைவுகூர்தல் நன்று. யப்பானியக் கதைகளிலும் திரைப்படங்களிலும் அடிக்கடி எதிர்ப்படுபவன் அவன். போர் ஓய்ந்த காலத்திலே, வாளை உள்ளே வைத்துவிட்டுத் தெருவோரத்தில் நூடில்ஸ் கடை நடத்திப் பிழைக்கும் பழைய சாமுராய். கடைக்கு வருவோன் அவனது நடையிலும் பார்வையிலும் மறைந்து கிடக்கும் வீரத்தை இனங்கண்டு வியப்பான். இவ்வுருவத்தின் கவர்ச்சியை நாம் மறுக்கவில்லை. ஆனால் அது நம்மை அவனது குணத்தைப் பார்க்கச் சொல்கிறதேயன்றி, அவனது முதலைப் பார்க்கச் சொல்வதில்லை. கடை வைக்கப் பணம் எங்கிருந்து வந்தது? அவனோடு வாளை வைத்த ஏனையோர் எங்குச் சென்றனர்? அவனை முன்னர் ஏவிய பிரபு இன்று எந்த வங்கியின் பங்காளி? வீரனின் பிற்காலத்தைத் தீர்மானிப்பவை இவ்வினாக்களுக்கான விடைகளேயன்றி அவனது பண்பன்று.

இலங்கையின் மத்திய மலைநாட்டிலே முதலில் தோட்டக்காரராக மாறியோர் படைத் தலைவர்களே. வாட்டர்லூப் போரிற் காயமுற்ற எட்வேர்ட் பார்ன்ஸ் இங்கு ஆளுநராயிருந்தபோது, பேராதனைக்கு அண்மையிலுள்ள கன்னொருவையிலே தமக்கெனக் கோப்பித் தோட்டம் திறந்தார். நுவரெலியா நகரமும் அவரது காலத்தில், நோயுற்ற படையினர் உடல்தேறும் இடமாகவே வளர்க்கப்பட்டது. கண்டிக்கும் அப்பாலும் வீதி சமைத்த தோமஸ் ஸ்கின்னர் சிறுவனாயிருக்கும்போதே இலங்கைப் படையணியிற் சேர்ந்தவர். பதுளையில் அதிகாரஞ் செலுத்திய மேஜர் ரொஜர்ஸ் அதே படையின் அதிகாரி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனப் பேர்பெற்றவர். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து அவர் மாண்டார். நுவரெலியாவிலுள்ள அவரது கல்லறை மீதும் இடி விழுந்ததெனக் கூறும் கதை ஒன்றுண்டு. ஆட்சியாளரை நேரே தண்டிக்க இயலாத மக்கள் அப்பணியை வானத்திடம் ஒப்படைப்பது நாட்டார் வழக்கில் எங்குமுள்ளதே.

அதிகாரி காணி வாங்கித் துரையானான். அவனுக்குக் கீழ் நின்று சுட்டவன் என்னவானான்?

இலங்கை றைபிள் படை எனப்பட்ட அப்படையின் முதுகெலும்பு மலாயர். நம் பழந்தமிழ் வழக்கிற் கூறின், சாவகர். ஒல்லாந்தர் காலத்திலே யாவா முதலிய தீவுகளிலிருந்து கூலிப்படையினராகவும், நாடுகடத்தப்பட்ட அரச குடும்பத்தினராகவும், கைதிகளாகவும் இங்குக் கொண்டுவரப்பட்டோரின் வழியினர் இவர். 1796இல் ஒல்லாந்தர் வீழ்ந்ததும் பிரித்தானியர் அப்படைவீரர்களைத் தம் சேவையில் ஏற்றனர். 1803இல் கண்டி மீது நடந்த படையெடுப்பில் மலாயர் இருபுறமும் நின்று போரிட்டமை கவனிக்கத்தக்கது. கண்டி மன்னனிடத்தும் மலாயப் படையொன்று இருந்தது. அப்போரிற் சிறைப்பட்ட மலாயக் கப்டன் நூருதீனும் அவர்தம் சகோதரரும் மன்னனின் சேவையிற் சேர மறுத்தமைக்காகக் கொல்லப்பட்டனர். இந்நிகழ்ச்சி விசுவாசத்தின் உன்னத எடுத்துக்காட்டாகப் பின்னர் போற்றப்படலாயிற்று. போற்றியோர் யாருடைய விசுவாசத்தை யாருக்காகப் போற்றினர் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

1827 முதல் இலங்கை றைபிள் படை என்ற பெயர் வழங்கியது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதன் பகுதிகள் ஹொங்கொங் வரையும் அனுப்பப்பட்டன. படையினுள் ஒரு முழுச் சமூகமே வாழ்ந்தது. வீரனின் மகன் படைமுகாமிலே பிறந்து, அங்குள்ள பள்ளியிற் படித்து, அங்கேயே துப்பாக்கி ஏந்தினான். பி. ஏ. ஹுசைன்மியா அவர்கள் தமது ஆய்வு நூலுக்கு ‘ஒராங் ரெஜிமென்’, அதாவது படையணி மக்கள், எனப் பெயரிட்டமை மிகப் பொருத்தமே.

இப்படை 1873இற் கலைக்கப்பட்டது. காரணம் போர்த்தோல்வியன்று. கண்டி நாடு 1815இல் வீழ்ந்தது. 1818இலும் 1848இலும் எழுந்த கிளர்ச்சிகள் அடக்கப்பட்டன. அதன்பின் மலைநாட்டில் ஆயுதமேந்திய எதிர்ப்பு இல்லை. வெற்றியே படையைத் தேவையற்றதாக்கியது. ஆள்திரட்டலும் நெடுங்காலமாகத் தடைப்பட்டிருந்தது. பினாங்கு, சிங்கப்பூர்ப் பகுதிகளுக்கு ஆள்தேடிச் சென்ற அதிகாரிகள் மிகச் சிலரோடு திரும்பினர். அங்குள்ள கூலிச்சந்தை படைச் சம்பளத்திலும் கூடுதலாகக் கொடுத்தமையே காரணம். இலங்கையிலும் கோப்பிப் பொருளாதாரம் விரிந்தபோது முகாமிற் பிறந்த இளைஞர் வெளிவேலைகளை நாடலாயினர். எந்த மலைகளைப் பெருந்தோட்டத்துக்குத் திறந்துவிடப் படை பயன்பட்டதோ, அம்மலைகளில் எழுந்த முதலாளித்துவமே அப்படையின் ஆட்களை ஈர்த்து அதனை வறளச் செய்தது. முரண்பாடு என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் தேடவேண்டியதில்லை.

கலைக்கப்பட்டோருட் சேவைக்காலம் நிறைந்தோர் ஓய்வூதியம் பெற்றனர். ஏனையோர் பொலிஸ் படையிலும் சிறைச்சாலைகளிலும் கொழும்பு நகரத் தீயணைப்புப் படையிலும் சேர்ந்தனர். கண்டி, பதுளை, கம்பளை, நாவலப்பிட்டி, நுவரெலியா ஆகிய இடங்களில் மலாயக் குடும்பங்கள் நிலைத்தன. இவர்களுட் பலர் தோட்டங்களிலே மேற்பார்வை வேலை பெற்றனர். இங்கேதான் நமது பிரட்டுக்களத்துக்கு நாம் மீள்கிறோம். தோட்டத்தின் அதிகாரப் படிகளை நோக்குக. உச்சியிலே பெரிய துரை, சின்னத் துரை. அடியிலே பெயர்ப் பட்டியலில் எண்ணாக நிற்கும் தொழிலாளி. இடையே கண்டக்டர், டீமேக்கர், கிளாக்கர், கணக்கப்பிள்ளை, கங்காணி. இவ்விடைப்படிக்கு வேண்டிய தகுதி யாது? மேலிருந்து வரும் ஆணையை வினாவின்றி ஏற்றல். கீழுள்ளோரை நிரையில் நிறுத்தல். தமிழில் ஏவத் தெரிதல். இம்மூன்றும் மலாய வீரனிடம் இருந்தன. தமிழ் அவனுக்குப் புதிதன்று. தமிழ் பேசும் முஸ்லிம்களோடு கொண்ட மணவுறவாலும் அண்டை வாழ்வாலும் அவன் வீட்டிலேயே அது புகுந்திருந்தது.

எனவே பழைய வீரன் இங்கு வெறுங்கையனாகத் தெருவில் விடப்படவில்லை. அவனது ஒழுக்கப் பயிற்சி விலைபோயிற்று. ஆனால் யார்மீது அது பிரயோகிக்கப்பட்டது என்பதே முக்கியம். திருச்சி, மதுரை, சேலம், தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து கடன் சுமந்து நடந்துவந்த மக்கள்மீது. அம்மாவட்டங்களும் அவற்றுக்குத் தெற்கேயுள்ள சீமைகளும் படை கலைந்த நாடுகள் என்பதை மறக்கலாகாது. 1801இற் பாளையக்காரர் தோற்றபின் கும்பினியார் ஆயுதங்களைக் களையுமாறு பிரகடனம் செய்தனர். பணிந்த பாளையக்காரர் 1803இல் ஜமீன்தாராயினர். பாளையங்களிற் காவலுரிமை பெற்றிருந்தோரோ அவ்வுரிமை பறிக்கப்பட்டு, ஒரு நூற்றாண்டின் பின் 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ்க் கைரேகை வைக்க நேர்ந்தது. தலைவனுக்கு நிலம், அடியாளுக்குக் கைரேகை.

இனி யப்பானுக்கு வருவோம். அங்கே உள்நாட்டுப் போர்கள் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓய்ந்தன. அதன்பின் தொக்குகாவா ஆட்சியின் இரண்டரை நூற்றாண்டு அமைதியிலே கீழ்நிலைச் சாமுராய்கள் இரகசியமாகக் குடை ஒட்டியும் கைவேலை செய்தும் பிழைத்தனர். வணிகரைச் சமூகப் படியின் கடைசியில் வைத்த சித்தாந்தமும், அவ்வணிகரிடம் பட்ட கடனும் ஒரே வீட்டில் வாழ்ந்தன. 1868இன் மெய்ஜி மாற்றத்தின்பின் புதிய அரசு இவ்வர்க்கத்தைச் சட்டப்படி கலைத்தது. 1873இல் கட்டாய இராணுவச் சேவை வந்தது. விவசாயி மகனும் துப்பாக்கி தூக்கலாமெனில் சாமுராய் எதற்கு? இலங்கை றைபிள் படை கலைந்ததும் இதே ஆண்டிலாகும். ஆண்டுகளின் ஒற்றுமையை வைத்து நாம் கோட்டை கட்டவில்லை. எனினும் பரம்பரைப் படைஞனின் காலம் ஒரே தலைமுறையில் இரு தீவுகளிலும் முடிந்தமை உலக முதலாளித்துவத்தின் போக்கோடு தொடர்புடையது. 1876இல் வாள் தரித்தல் தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டிலேயே பரம்பரை மானியங்கள் நிறுத்தப்பட்டு, மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அரசாங்கக் கடன் பத்திரங்கள் வழங்கப்பட்டன. மறுவருடம் சைகோ தக்கமோரியின் தலைமையில் எழுந்த கிளர்ச்சி, விவசாயிகள் நிறைந்த புதிய படையால் நசுக்கப்பட்டது.

பத்திரம் எல்லார்க்கும் கிடைத்தது. ஆனால் அளவில் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு. பெரும் பிரபுக்கள் தம் பத்திரங்களை ஒன்று சேர்த்து 1877இல் வங்கி தொடங்கினர். கீழ்நிலைச் சாமுராயின் பத்திர வட்டி ஒரு குடும்பத்துக்குச் சோறு போடவும் போதாதது. பணவீக்கம் அதனையும் அரித்தது. அவன் பத்திரத்தை விற்றுக் கடை வைத்தான், தோற்றான். ‘சாமுராயின் வணிகம்’ என்பது தெரியாத தொழிலிற் கைவைத்துக் கெடுவதைக் குறிக்கும் மரபுத்தொடராயிற்று. நகைச்சுவைக் கதைகூறலிற் புகழ்பெற்ற சான்யூத்தெய் என்ச்சோ இதையே பொருளாக்கினார். பழைய பிரபு ஒருவர் இனிப்புப் பயற்றங் கஞ்சிக் கடை வைத்து, வாடிக்கையாளரிடமும் அரண்மனை மிடுக்கிலேயே நடந்துகொள்வதை அவர் கூறக் கேட்டு நகர மக்கள் சிரித்தனர். பிற்காலத் திரைப்படம் காட்டும் மௌனமான, கம்பீரமான நூடில்ஸ் கடைக்காரனைவிட இக்கஞ்சிக் கடைக்காரனே வரலாற்றுக்கு அண்மையில் நிற்பவன். சிரித்தோர் நெடுங்காலம் அவன்முன் தலைகுனிந்து நின்றோராதலின், அச்சிரிப்புக்கு ஒரு வர்க்க உள்ளடக்கம் உண்டு.

நமது மலையகத்துக்கு இன்னும் நெருங்கிய சான்றொன்று உளது. கடைசித் தொக்குகாவா ஆட்சித்தலைவரின் மெய்காவலராயிருந்த சாமுராய்கள், சூஜோ ககேஅகி என்னும் வாள்வித்தை வல்லாரின் தலைமையில் 1869இல் ஷிசுவோக்காப் பகுதியின் மக்கினோஹரா மேட்டுநிலத்திற் குடியேறித் தேயிலை பயிரிட்டனர். இலங்கையில் லூல்கந்துரத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867. கோப்பியை அழித்த இலைநோய் தோன்றியது 1869. ஆக, ஏறத்தாழ ஒரே வேளையில் இரு மலைநிலங்களிலும் பழைய படைஞர் தேயிலைச் செடியருகே வந்து நின்றனர். யப்பானில் நிலத்துக்கு உரிமை கொண்டு, இலங்கையில் பிறர் நிலத்தின் மேற்பார்வையாளராய். மக்கினோஹரா மண் காய்ந்தது, நீரற்றது. ஆண்டுகள் செல்லச் செல்லச் சாமுராய்க் குடும்பங்கள் பல நிலத்தைக் கைவிட்டகன்றன. அதனைக் கைக்கொண்டு நிலைநிறுத்தியோர் அயற்கிராமத்து விவசாயிகளும், அருகிலுள்ள ஓயி ஆற்றிற் பயணிகளைத் தோளிற் சுமந்து கடத்திவந்து 1870ஐ ஒட்டி அத்தொழிலை இழந்த சுமைகாரருமே. ஆயினும் அம்மேட்டுநிலத்தின் கதை சாமுராய் கதையாகவே விளங்குகிறது. சுமைகாரர் கதைக்குத் திரைப்படம் இல்லை.

மலாய வீரருக்கு நிலமும் பத்திரமும் இல்லாதிருக்க, அவர்களிடம் ஒரு இலக்கியம் இருந்தது. இதனைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். இலக்கிய மாணவராகிய நமக்கு இதுவே மிக முக்கியமானது. படைமுகாம்களிலே ஹிக்காயத் எனும் உரைநடைக் கதைகளும் ஷாயிர் எனும் செய்யுட் கதைகளும் அரபு எழுத்து வழிவந்த வரிவடிவத்திற் பிரதிசெய்யப்பட்டு, கூடியிருந்து வாசிக்கப்பட்டன. சுவடிகள் சிலவற்றில் அரபுத்தமிழ்ப் பகுதிகளும் அருகருகே இடம்பெறுகின்றன. பாபா யூனுஸ் சல்தீன் கொழும்பிலிருந்து ‘அலாமத் லங்காபுரி’ என்ற மலாய்ப் பத்திரிகையைக் கல்லச்சில் வெளியிட்டார். ஆண்டு, மீண்டும், 1869. உலகின் மிகப் பழைய மலாய்ப் பத்திரிகைகளுள் இது எண்ணப்படுகிறது. சிங்கப்பூரில் ‘ஜாவி பெரானாக்கான்’ தோன்றியது 1876இலேயே. மலாய் பேசும் பெருநிலத்தில் அன்றி, கடல் கடந்த ஒரு சிறு தீவில் இது நிகழ்ந்தமைக்குக் காரணம் படையணியே. மாதந்தவறாச் சம்பளம், எழுத்தறிவு தரும் பள்ளி, ஒன்றாய் வாழும் வாசகர் ஆகிய மூன்றையும் படை ஒருங்கே அளித்தது.

அவ்வடித்தளம் 1873இற் பெயர்ந்தது. வாசகர் பொலிஸ் நிலையங்களுக்கும் தோட்டங்களுக்கும் சிதறினர். தோட்டத்துப் பங்களாவின் மொழி ஆங்கிலம், மலையின் மொழி தமிழ், கடைத்தெருவின் மொழி சிங்களம். மலாய் எழுத்துக்கு எங்கும் வேலையில்லை. சல்தீன் 1895இல் ‘வஜா செலோங்’ எனும் இன்னொரு பத்திரிகையைத் தொடங்கினாராயினும் அவ்வெழுத்தறிவு அடுத்த தலைமுறைகளில் அருகிற்று. பேச்சுமொழி மட்டும் எஞ்சி, வியக்கத்தக்க உருப்பெற்றது. சொற்கள் மலாய், வாக்கியக் கட்டுக்கோப்போ நம்முடையதை ஒத்தது. வினை இறுதியில் நிற்கும். வேற்றுமைப் பொருளுணர்த்தும் உருபுகள் பெயரின் பின்னே ஒட்டும். இம்மாற்றத்தில் தமிழின் பங்கு எவ்வளவு, சிங்களத்தின் பங்கு எவ்வளவு என்பதில் மொழியியலாளரிடையே இன்றும் விவாதமுண்டு. தமிழரைப் பிரட்டுக்கு அழைத்தவனின் வாக்கியத்தை, தமிழ் உள்ளிருந்து மாற்றியிருக்கக்கூடும் என்பது வரலாற்றின் குறும்புகளுள் ஒன்று.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மலாயர் தொகையில் ஏறத்தாழ நாற்பதினாயிரத்தினர். மொத்தச் சனத்தொகையில் 0.2 சதவீதம். பிறர் அவர்களை இன்று அறிவது பெரும்பாலும் உணவு வழியே. வட்டிலப்பமும் தொதலும் அவர்களிடமிருந்து வந்தனவென்பது பொது நம்பிக்கை. உணவுச்சாலைப் பட்டியல்களில் மீ கொரெங் என்ற வறுத்த நூடில்ஸும் இடம்பெறுகிறது. அதனைப் பழைய படைவீரரே கொண்டுவந்தனரெனத் துணிந்து கூறல் ஆய்வாகாது.

படை கலைந்தபின் மலைநாட்டிற் பலம் தேவையற்றுப் போயிற்றோ எனின், இல்லை. 1900இல் வெள்ளைத் துரைமார் தாமே தோட்டக்காரர் றைபிள் படையொன்றை அமைத்தனர். 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியானார். கூலிப்படைக்கு ஊதியமளித்துச் செய்வித்ததை உடைமை வர்க்கம் பின்னர் ஒரு பகுதி தானே ஏற்றது, ஒரு பகுதி பொலிசிடம் விட்டது.

இவற்றைப் பழங்கதையென விடுதற்கில்லை. 1948இற் குடியுரிமை இழந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுட் பல, எழுபதுகளின் பஞ்சத்தாலும் 1977இன் வன்செயல்களாலும் மலையிலிருந்து பெயர்ந்து வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளிற் குடியேறின. அவற்றின் பிள்ளைகளுட் பலர் அங்கு நடந்த போரினுள் இழுக்கப்பட்டனர். 2009 மே மாதத்தில் அப்போர் முடிந்தபின் ஏறத்தாழ 12,000 முன்னாட் போராளிகள் புனர்வாழ்வு முகாம்கள் வழியாக வெளிவந்தனர் என்பது அரசின் கணக்கு. அவர்களுக்குக் கிடைத்தது கடன் பத்திரமன்று. புனர்வாழ்வு பெற்றதற்கான சான்றிதழ். அச்சான்றிதழைக் கண்டு வேலை கொடுக்கத் தயங்கியோரே அதிகம். சிலர் பெட்டிக்கடை வைத்தனர், சிலர் முச்சக்கரவண்டி ஓட்டினர். ஒரு பகுதியினர் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் பண்ணைகளில் மாதச் சம்பளத்துக்கு அமர்ந்தனர். அதே ஆண்டுகளில் ஏ9 வீதியோரத்திலே தேநீரும் சிற்றுண்டியும் விற்கும் கடைகளை வென்ற இராணுவமே நடத்தியது. அதன் கடைக்கு வாடகையில்லை, ஆட்கூலி அரச சம்பளத்தில் அடங்கும். பக்கத்தில் அடுப்பு மூட்டிய முன்னாட் போராளிக்கோ விறகும் சீனியும் கைக்காசில், முதலுக்கு நுண்கடன், தவணை வாரந்தோறும்.